கோவிச்சுக்கிட்டுப் போக ஒரு ஊடு

எங்கள் காம்பவுண்டுக்குள் யார் நுழைந்தாலும், நேரம் காலம் பார்க்காமல் அந்த அக்கா கேட்கிற முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" என்பதுதான். நாங்கள் "சோறுண்டாச்சுங்களா?" என்று கேட்கிற ஊர்க்காரர்கள். இந்தப் பசியாறல் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அக்கா பிறந்து வளர்ந்த மலேசிய ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான் கேட்பார்களாம். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரிடம் கேட்பார், தபால்காரரிடம் கேட்பார். ஒருநாள் குழாய்த் தண்ணீர் விஷயமாக என் அம்மாவோடு சண்டை போடவென்றே கிளம்பி வந்த அடுத்த தெரு அம்மாளிடமும் கேட்டுவிட்டார். வாயைத் திறந்த அந்த அம்மாள், "இன்னும் இல்லீங்க, அடுப்பே பத்த வெக்கல" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு சண்டையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்.

எண்பதுகளின் கடைசி அது. திருப்பூரில், நெருப்பெரிச்சல் என்கிற ஊருக்குப் போகிற சாலையில் எட்டு அறைகள் வரிசையாக இருக்கும் லைன் வீடுகள். முன்பக்க அறைகள் இரண்டில் எங்கள் குடும்பம். கடைசி அறையில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். குழந்தை இல்லை. அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். காலேஜுக்குப் போவேன் என்று வீட்டில் ஒரு மாதம் சண்டை போட்டுத் தோற்று, அக்கா வேலை செய்த பனியன் கம்பெனியிலேயே அட்டைப்பெட்டிகளின் மேல் சைஸும் நம்பரும் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்கா செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். மேஜையைச் சுற்றிப் பத்துப் பெண்கள் பேசிக்கொண்டே பார்ப்பார்கள். அக்காவும் பேசுவார். ஆனால் ஜட்டிக்கு வைத்துத் தைக்கிற எலாஸ்டிக் ரோல்கள் வேனில் வந்து இறங்கினால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போவார். ஒரு ரோலைக் கையில் எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். அதில் ரப்பர் வாசம் இருக்கும்.

"கித்தாப் பால், அதான் ரப்பர் பால், காய்ஞ்சா இப்படித்தான் நாறும். அங்க இருக்கையில மூக்கப் பொத்திக்குவேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அவருடைய தாத்தா பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து போனவர். மூன்றாம் தலைமுறையில், பெண்ணையாவது சொந்த ஊரில் கொடுக்க வேண்டும் என்று அவர் அப்பாவுக்கு ஆசை. இங்கிருந்து யாரோ தூரத்து உறவு எழுதிய கடிதத்தில் மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் இருக்கிறார் என்று இருந்தது. பொய்யில்லை. கம்பெனியில்தான் இருந்தார், பவர் டேபிள் என்கிற தையல் மிஷினுக்கு முன்னால் ஸ்டூலில். அக்கா கப்பலில் சென்னை வந்து, ரயிலேறித் திருப்பூர் வந்து, தாலி கட்டிக்கொண்டு இந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள் வந்தார். தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது, சாயந்திரமானால் ஏன் மழை வரவில்லை என்று வந்த புதிதில் கேட்டாராம். அங்கே நாலு மணிக்கு மழை பெய்யுமாம், பள்ளிக்கூடம் விடுகிற மாதிரி. எட்டு வருஷத்துக்குப் பிறகும் சாயந்திரம் டீ குடிக்க வெளியே வரும்போது ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். நீல நிறத்தில் ஏர்மெயில் கடிதம் வரும். முதலில் மாதம் ஒன்று, அப்புறம் தீபாவளிக்கு ஒன்று. அவருடைய அம்மா சொல்லச் சொல்லத் தம்பி எழுதுவது. நான் பார்த்த வருஷங்களில் அது அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிப்பது கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேச்சும் கிடையாது. வந்த இரண்டாம் வருஷம் அவரோடு நடந்த ஒரு சண்டையை அக்கா செக்கிங் மேஜையில் கதையாகச் சொல்வார். எத்தனை முறை சொன்னாலும் எல்லாரும் சிரிப்போம்.

"என்னத்துக்குச் சண்டைன்னே இப்ப ஞாபகமில்ல. கொழம்புல உப்போ என்னமோ. இங்க பொம்பளைங்க கோவம் வந்தா பைய எடுத்துட்டுப் பொறந்த ஊட்டுக்குக் கிளம்பிர்றாங்கல்ல, நானும் பாத்திருக்கேனே. நானும் பைய எடுத்தேன். விறுவிறுன்னு நடந்து ரயில் ஸ்டேசனுக்குப் போயாச்சு. அங்க போய்த்தான் யோசிக்கிறேன், எங்க போறதுன்னு. டிக்கெட் குடுக்கறவரு எங்கம்மா போகணும்ங்கறாரு. மலேயாங்கறேன். அந்த மனுசன் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, அதுக்கு இந்த பிளாட்பாரம் இல்லீங்கறாரு."

மேஜையே குலுங்கும். மீதியை அக்கா என்னிடம் மட்டும் சொன்னார். பொழுது சாயும்வரை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாராம். வீட்டுக்காரர் தானே வடித்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், கோபமும் இல்லாமல், "வந்துட்டியா? தெரியும். உனக்கு யாரு இருக்கறா, எங்க போயிருவே?" என்றார். மோர் எடுத்து வைக்கச் சொன்னார்.

"அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன் கண்ணு. இருக்கறதச் சொல்லிட்டாரு" என்றார் அக்கா. "ஒரு பொம்பளைக்குச் சோறு வேணும், துணி வேணும். கோவிச்சுக்கிட்டுப் போக ஒரு ஊடும் வேணும்."

அவருக்கு அது கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு அதுவாக ஆகிவிட்டார். அவரைப் பற்றி நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அந்த நாளில் திருப்பூருக்குத் தெற்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மதுரை, தேனி, ராமநாதபுரம், இந்தப் பக்கம் தர்மபுரி. கல்யாணமான கையோடு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு லைன் வீட்டில் இறக்கிவிட்டு மறுநாளே டபுள் ஷிப்ட் போகிறவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். ஒருநாள் அப்படி ஒருத்தி மதுரைப் பக்கத்துப் பேச்சோடு, கன்னம் வீங்கி, கையில் ஒரு ஒயர்கூடையோடு எங்கள் குழாயடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸுக்குப் போகிறாளா என்றால் இல்லை. வீட்டுக்குப் போகிறாளா என்றால் அதுவும் இல்லை. அக்கா கூடையை வாங்கித் தன் அறைக்குள் வைத்தார். "பசியாறியாச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவர் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு கம்பெனி வாட்ச்மேன் அறைக்குப் படுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனார். அக்கா செய்ததற்கு அவர் கொடுத்த ஒத்தாசை அந்த ஒன்றுதான். அதையும் சும்மா சொல்லக் கூடாது.

மூன்றாம் நாள் அவள் புருஷன் தேடிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் பனியன் பஞ்சு. கத்த வேண்டும் என்று வந்தவனைக் கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார் அக்கா. சொம்பில் தண்ணீர், அப்புறம் மோர். அவன் குடித்து முடிக்கிறவரை நின்றார். பிறகு கேட்டார்.

"எங்க பொண்ண எதுக்கு அடிச்சீங்க மாப்பிள்ளை?"

அவன் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினான். அவனை இந்த ஊரில் டேய் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், மாஸ்டர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை என்று யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "புத்தி கெட்டுப் போச்சு" என்றான்.

செய்தி குழாய்க்குக் குழாய் பரவியது. மாதத்துக்கு ஒருத்தியாவது வந்துவிடுவாள். என் அம்மா கேலி செய்வார்: "ஏனுங்க, ஊருல இருக்கற கோவமெல்லாம் உங்கூட்டுக்குத்தான் வருதாட்ட இருக்குது."

"வரட்டுமுங்க. எனக்கு வேற எந்தச் சொந்தபந்தம், ஒரம்பரை வருது?" என்பார் அக்கா.

வந்து போனவர்கள் சும்மாவும் வர ஆரம்பித்தார்கள். ஒரு ஆடி நோம்பிக்குப் பதினோரு ஜோடி வந்தது. புதுப்பெண்கள் ஆடிக்குப் பிறந்த வீடு போக வேண்டுமே, அத்தனை பேருக்கும் இதுதான் பக்கத்தில் இருந்த பிறந்த வீடு. வாசலில் பாயை விரித்து வரிசையாக உட்கார வைத்து, தேங்காய்ப்பாலில் ஆக்கிய சோறும் காரமான நெத்திலிச் சம்பலும் பரிமாறினார் அக்கா. ஒருவன் வாயில் வைத்துவிட்டு, "ஏனுங்க அத்தை, இது சோறுங்களா பாயசமுங்களா?" என்றான். "உங்க மாமனார் ஊருச் சோறு மாப்பிள்ளை, வாய மூடிட்டுத் தின்னுங்க" என்றார். அன்றைக்குப் பார்த்தது போல அக்காவை நான் பிறகு பார்க்கவில்லை. கன்னம் இரண்டும் சிவந்திருந்தது. சாயந்திரம் வானத்தை அண்ணாந்து பார்க்க மறந்துவிட்டார்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. எனக்கு எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பெயர் வைத்து, விதிமுறை எழுதி, தலைவர் செயலாளர் போட வேண்டும். மகளிர் சங்கம் என்று பதிவு செய்யலாம், கதவில் போர்டு வைக்கலாம் என்று குதித்தேன். "போர்டு வெச்சா அது ஆபீசு. ஊட்டுக்கு எவ போர்டு வெப்பா?" என்றார் அக்கா. ஆனால் விதிமுறைக்கு ஒப்புக்கொண்டார். ஏனென்றால் அவருக்கே ஒரு பயம் இருந்தது. பிறந்த வீட்டுக்காரர்கள் இந்த மாதிரி நேரத்தில் சரியாக என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தோட்டத்தில் பெண்ணைக் கொடுத்தால் நாலு லயம், அதாவது நாலு லைன் வீடு, தள்ளிக் கொடுப்பார்களாம். கோபித்துக்கொண்டு வந்தாலும் சங்கு ஊதினால் காலையில் எல்லாரும் ஒரே காட்டுக்குத்தானே போக வேண்டும்.

ஆகவே என் அம்மாவிடம் கேட்டோம். அம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ள மொதல்ல வந்தா முகங்குடுத்துப் பேசக் கூடாது. ரெண்டாவது தடவ வந்தா என்ன ஏதுன்னு கேக்கோணும். மூணாவது பெரியவங்களக் கூட்டிட்டு வந்து கூப்பிட்டாங்கன்னா, எண்ணெய் தேச்சுத் தண்ணி வாத்து, பூ வெச்சு அனுப்பிப்போடோணும். அதுக்கு மேல வெச்சுட்டு இருந்தா பொறந்தவங்களுக்குத்தான் கேவலம்."

நான் அதைப் பெட்டி அட்டையின் உட்பக்கத்தில் ஒன்று இரண்டு போட்டு, பெட்டி எழுதுகிற அதே மார்க்கரால் எழுதி, அக்கா அறையில் மாட்டினேன். என் எழுத்து அழகாக இருக்கும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் படித்தார்கள். அக்கா அதை வரி தவறாமல் கடைப்பிடித்தார். எங்கள் வீட்டில் அம்மாவின் தங்கை வந்து நாற்பது நாள் உட்கார்ந்திருந்தபோது யாரும் ஒன்று இரண்டு எண்ணவில்லை. சித்தப்பா ஏழு தடவை வந்தார். அக்காவால் அப்படி விட்டுக்கொடுக்க முடியவில்லை. சொந்தத்தில் பிறக்காமல் சொந்தமாக ஆனவர், ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று இருந்தார். அன்றைக்கு இது எனக்குப் புரியவில்லை. என் அட்டை நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன்.

பாக்கியம் என்று ஒருத்தி. ராமநாதபுரம் பக்கம். புருஷன் அயர்ன் போடுகிறவன். தை மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாளில் திரும்பியவள், சித்திரையில் மறுபடி வந்தாள். அதிகம் பேச மாட்டாள். சொல்லாமலே அக்காவின் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். மற்றவர்கள் வந்த முதல்நாளே அடித்த இடத்தைக் காட்டி அழுதுவிடுவார்கள். இவள் ஒன்றும் காட்டவில்லை. "அவுகளுக்குச் சட்டுனு கோவம் வந்துரும், வேற ஒண்ணுமில்ல" என்பாள்.

அவன் வந்தான். முகம் கொடுக்கவில்லை. இரண்டாவது வந்தான். அக்கா கேட்டார், அவன் சொன்னான். ஆறாம் நாள் வெள்ளை வேட்டி கட்டி, மாமா முறையில் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு, பூவும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு வந்தான். எங்கள் காம்பவுண்டுக்கு அவ்வளவு மரியாதையாக எந்த மாப்பிள்ளையும் வந்ததில்லை.

"தப்புத்தான்க்கா. இனி கை வைக்க மாட்டேன்" என்றான்.

"நாலு பேரு முன்னால சொல்லிட்டான்ல தாயி, பொண்ண அனுப்பி வைங்க" என்றார் பெரியவர்.

அக்கா உள்ளே போனார். நான் கதவருகில் நின்றிருந்தேன். பாக்கியம் மெதுவாகச் சொன்னது கேட்டது.

"அக்கா, இன்னும் ரெண்டு நா இருந்துட்டுப் போறேனே."

"மூணு தடவ வந்துட்டாரு பாக்கியம். பெரியவரு வாசல்ல உக்காந்திருக்காரு. இதுக்கு மேல வெச்சுக்கிட்டா நல்லாருக்காது."

"இல்லக்கா..."

"பொறந்த ஊட்டுக்குக் கெட்ட பேரு வரலாமா?"

அவள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வைத்தார். தன்னிடமிருந்த புதுச் சேலை ஒன்றைக் கட்டிவிட்டு, மடியில் அரிசியும் வெற்றிலை பாக்கும் கட்டினார். பிறந்த வீட்டிலிருந்து ஒருத்தர் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போய் விட்டுவர வேண்டும் என்பது அட்டையில் நாங்களாகச் சேர்த்த ஐந்தாவது விதி. தூக்கிப் போனது நான். சாயப்பட்டறையைத் தாண்டி, நீலத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையை ஒட்டி அவர்கள் வீடு. பாக்கியம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்ற வைத்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன். தெருமுனைவரை வந்து நின்றாள். எனக்கு அன்றைக்கு ஏதோ ஒரு பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியது போல இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கம்பெனிக்கு ஆள் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி. வராந்தாவில் பாக்கியத்தின் புருஷன் இரண்டு கையிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தான். அவள் மேல் பற்றிய தீயை அணைக்கப் போய்ச் சுட்டுக்கொண்டது என்றான். நர்ஸ் அக்காவை வாசலில் நிறுத்தினார்.

"யாரும்மா நீங்க?"

"பொறந்த ஊட்டுக்காரங்க."

"அம்மாவா?"

"இல்லீங்க."

"கூடப் பொறந்தவங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வெளிய இருங்க."

வாக்குமூலம் எழுதப் போலீஸ்காரர் போய் வந்தார். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று பாக்கியம் சொன்னாளாம். நர்ஸ் ஷிப்ட் மாறியபோது அக்கா எப்படியோ உள்ளே போய்விட்டார். வெளியே வந்தபோது என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஸ்டவ்வுன்னுதான் சொன்னா" என்றார். அடுத்த நாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து அவள் அண்ணன் வந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், காரியம் முடித்துத் திரும்பிப் போனான். புருஷன் செய்தானா, அவளே ஊற்றிக்கொண்டாளா, ஸ்டவ்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதினால் இது நன்றாக இருக்கும். தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கிழிக்கப் போனேன். அக்கா அதற்கு முன்பே எடுத்து மடித்து வாசலில் போட்டிருந்தார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்லவில்லை. செக்கிங் மேஜையில் ஒரே பனியனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி அப்படியே இருப்பார். பக்கத்திலிருக்கிறவர்கள் கையிலிருந்து வாங்கி அடுத்ததைக் கொடுக்க வேண்டும்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு, "அவங்கம்மாவப் பாக்கோணும்" என்றார். நானும் போனேன். மதுரையில் பஸ் மாறி, இன்னொரு பஸ் மாறி, கருவேலங்காட்டுக்கு நடுவே இறங்கி நடந்தோம். வழிநெடுக அக்கா சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குக் கேட்டது. நான்தான் அனுப்பினேன், அவ ரெண்டு நாள் இருக்கறேன்னா, நான்தான் அனுப்பினேன்.

பாக்கியத்தின் அம்மா கரி மூட்டம் போடுகிற இடத்தில் வேலையாக இருந்தார். கையெல்லாம் கரி. யார் என்று சொன்னதும் வீட்டுக்குக் கூட்டிப்போய், கை கழுவிவிட்டு, எங்களை உட்கார வைத்தார். அக்கா எழுந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் வைத்தது, மடி கட்டியது, பெரியவர் வாசலில் இருந்தது, எதையும் விடவில்லை.

அந்த அம்மாள் அழவில்லை. வெகுநேரம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்கிட்டு ரெண்டு தடவ வந்தா தாயி" என்றார். "மொதத் தடவ முதுகத் தொறந்து காட்டுனா. பழுத்துப் போயிக் கெடந்துச்சு. மஞ்சளரைச்சுப் போட்டு, ஆறவும் கொண்டுபோயி விட்டுட்டு வந்தேன். மறு தடவ வந்தப்பக் காட்டல. நானும் காட்டுடீன்னு கேக்கல. கேட்டா வச்சுக்கிறணும்ல."

வெளியே ஆடு ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"நீ ஆறு நா சோறு போட்டு வச்சிருந்திருக்க" என்றார். பிறகு, "ஒன் ஆத்தா வீடு எங்கிட்டு?"

"கடலுக்கு அந்தாண்ட."

"போனா வச்சுக்கிருவாகளா?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் மானாமதுரை தாண்டியபிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் போயிருந்தா எங்கம்மாவும் திருப்பி அனுப்பித்தான் வெச்சிருக்கும் கண்ணு. கப்பலேத்தி அனுப்பியிருக்கும்."

அந்த வருஷத் தீபாவளிக்கு வந்த நீலக் கடிதத்தை அவர் பிரிக்க நாலு நாள் ஆயிற்று.

பிறகு கொஞ்ச காலம் யாரும் வரவில்லை. பாக்கியம் போனது எல்லாக் குழாயடிக்கும் தெரியும். தை பிறந்து தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். மறுநாளே புருஷன் வந்துவிட்டான், பெரியவர் யாரும் இல்லாமல். அக்கா கட்டிலைக் காட்டவில்லை, மோர் கொடுக்கவில்லை. உள்ளே போய் அவளிடம் கேட்டார்:

"போறியா, இருக்கறியா?"

இதுவரை வந்த ஒருத்தியிடமும் அவர் இதைக் கேட்டதில்லை. அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருன்னா எத்தன நாளுக்கா இருக்கறது? போறேன்" என்றாள்.

அக்கா சரி என்றார். எண்ணெய் வைக்கவில்லை, பூ வைக்கவில்லை. அவர்கள் பின்னாலேயே நடந்தார். நானும் போனேன். அவர்களுடைய அறைக்குள் அக்கா போய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஸ்டவ்வைத் தூக்கிக் குலுக்கி, அதிலிருந்ததைப் பக்கத்திலிருந்த மண்ணெண்ணெய் டின்னுக்குள் கவிழ்த்து ஊற்றினார். டின்னை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏங்க, அத எங்க கொண்டுபோறீங்க?" என்றான் அவன்.

"எங்கூட்ல இருக்கட்டும். சோறாக்கற நேரத்துக்கு நான் வந்து ஊத்தறேன். காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா."

"இது என்ன கூத்து? ரேசன்ல நான் நின்னு வாங்குன எண்ணெய்ங்க அது."

"வேணும்னா வந்து கேளுங்க. நாலு பேரக் கூட்டிட்டு வாங்க. நானும் நாலு பேருகிட்டச் சொல்றேன், எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னு."

அவன் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. அக்கா மறுநாள் காலையில் போய் ஒரு சமையலுக்கு ஆகிற அளவு ஊற்றிவிட்டு வந்தார். ஊற்றியது தீர்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தேனிக்காரி ஒருத்தி தானே டின்னைக் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருத்தி சொல்லியனுப்பினாள். நான் கோயமுத்தூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது அந்த அறையில் ஆறு டின்கள் இருந்தன.

அறை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். "ஒரு தீக்குச்சி போதுமுங்க, லைனே போயிரும்" என்று என் அம்மா சண்டைக்குப் போனார். தெரியுமுங்க என்று சொல்லி, அக்கா தன் அறையில் அடுப்புப் பற்ற வைப்பதை விட்டுவிட்டார். சாமி விளக்கையும் விட்டார். வீட்டுக்காரர் கடையில் சாப்பிட்டுக்கொண்டு வாட்ச்மேன் அறையிலேயே இருந்துவிட்டார். அக்கா எங்கள் வீட்டிலும், ஊற்றப் போகிற வீடுகளிலும் ஒரு வாய் சாப்பிடுவார். எந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு அங்கே பையோடு வந்து தங்கவில்லை. அந்த நாற்றத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு எவளாலும் தூங்க முடியாது.

நான் கிளம்பிய அன்று காலையிலும் அவர் வேலையாகத்தான் இருந்தார். பஸ்ஸுக்குப் போகிற வழியில் பார்த்தேன். இரண்டு கையிலும் டின். ஒரு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே புருஷன்காரன் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். அவள் ஸ்டவ்வை எடுத்துவந்து நீட்டினாள். அக்கா ஊற்றி மூடிவிட்டு, "திரும்பு" என்றார். அவள் திரும்பி முதுகைக் காட்டினாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.